அலங்கார மின்விளக்குகளில் மழைக்கால மின்கசிவு

அலங்கார மின்விளக்குகளில் மழைக்கால மின்கசிவு என்பது, திருவிழா, பண்டிகை, திருமணம் ஆகியவற்றை முன்னிட்டுத் திறந்தவெளியில் கட்டப்படும் விளக்குச் சரங்களில் நீர் புகுந்து, மின்னோட்டத்தின் ஒரு பகுதி நிலத்துக்குக் கசிவதைக் குறிக்கும். கசிவு குறிப்பிட்ட அளவை எட்டும்போது மின்கசிவுத் தடுப்பான் இணைப்பைத் துண்டிக்கிறது. இது பேச்சு வழக்கில் 'டிரிப் ஆகிறது' என்றும் 'இ.எல்.சி.பி. விழுகிறது' என்றும் சொல்லப்படுகிறது. மழையில் துண்டித்த கருவி, சரம் காய்ந்ததும் வழக்கம்போல் நிற்பதால், கருவியையே பழுதானதாகக் கருதிக் கழற்றிவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. இத்தகைய நேர்வுகளில் பெரும்பாலும் கருவி தன் பணியைச் சரியாகவே செய்கிறது. பழுது விளக்குச் சரத்தில் இருக்கிறது.

பெயர்கள்

தமிழ்நாட்டில் இவ்விளக்குச் சரங்கள் 'சீரியல் செட்', 'சீரியல் பல்பு' என வழங்குகின்றன. பழைய சரங்களில் சிறு பல்புகள் தொடர் இணைப்பில் அமைந்திருந்ததால் ஏற்பட்ட பெயர் இது. எல்.இ.டி. சரங்களில் தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் கலந்து வந்த பின்னரும் பெயர் மாறவில்லை.

மின்கசிவுத் தடுப்பானின் இன்றைய பெயர் ஆர்.சி.சி.பி. என்பதாகும். இ.எல்.சி.பி. என்பது மின்னழுத்தத்தை உணர்ந்து இயங்கிய பழைய கருவியைக் குறித்தது எனினும், கடைகளிலும் மின்பணியாளரிடையிலும் அப்பெயரே நிலைத்துவிட்டது. எம்.சி.பி. எனப்படும் சுற்றுமுறிப்பான் இதனின்றும் வேறானது. அது மிகைப்பளுவுக்கும் குறுக்குச் சுற்றுக்கும் மட்டுமே துண்டிக்கும். ஒருவர் உடல் வழியாக மின்சாரம் பாய்வதை அது உணராது. சோதனைப் பொத்தான் இருப்பதைக் கொண்டு மின்கசிவுத் தடுப்பானை அடையாளம் காணலாம்.

இயங்கும் முறை

மின்சாரம் வரும் பேஸ் கம்பியும் திரும்பும் நியூட்ரல் கம்பியும் கருவியினுள் ஒரு வளைய உள்ளகத்தின் வழியே செல்கின்றன. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கும்வரை உள்ளகத்தில் காந்தப்பாயம் தோன்றாது. ஒரு பகுதி ஈரச் சுவர், இரும்புக் கிராதி, மரக்கிளை, மனித உடல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் வழியே நிலத்தை அடைந்தால் சமநிலை குலைந்து, கருவி துண்டிக்கிறது. வீடுகளில் மனிதரைக் காக்கப் பயன்படும் கருவியின் உணர்திறன் 30 மில்லிஆம்பியர் ஆகும். ஐ.எஸ். 12640 எனும் இந்தியத் தரத்தின்படி இது 15 மில்லிஆம்பியர் வரை துண்டிக்கக் கூடாது. 30 மில்லிஆம்பியரில் 0.3 நொடிக்குள் துண்டிக்க வேண்டும். ஏறத்தாழ 10 மில்லிஆம்பியரிலேயே கை தசைகள் இறுகிப் பிடியை விட இயலாது போகலாம் என்பதை நோக்க, இது தாராளமான அளவன்று.

230 வோல்ட்டில் 30 மில்லிஆம்பியர் கசிய வேண்டுமாயின், கசிவு வழியின் மின்தடை ஏறத்தாழ 7,700 ஓம் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். நல்ல மின்காப்பின் தடையோ பத்து லட்சம் ஓமுக்கும் மேல். எனவே கருவி விழுந்தது என்றால் சரத்தின் மின்காப்பு சற்றே குறைந்துள்ளது என்று பொருளன்று. அவ்விடத்தில் அது ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது என்று பொருள்.

இதன் மறுபக்கம் அதிகம் கவனிக்கப்படுவதில்லை. சீரியல் செட்டுகளில் பெரும்பாலானவை இரு கம்பிகள் மட்டும் கொண்டவை. புவி இணைப்புக் கம்பி அவற்றில் இல்லை. மின்காப்புப் போன சரம் உலர்ந்த மாடியில் தொங்கும்போது கசிவுக்கு வழி இல்லாததால் கருவி விழாது. ஈரக்காலுடன் ஒருவர் அதனைத் தொடும்போது அவரே அந்த வழியாகிறார். ஆகவே கருவி விழாதிருப்பது சரம் நல்லது என்பதற்குச் சான்றாகாது.

நீர் புகும் இடங்கள்

தூய மழைநீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் பிளக்கின் மீதும் ஹோல்டரின் மீதும் படிந்த தூசியும் உப்பும் கரையும்போது அது கடத்தும் படலமாகிறது. முதல் மழையில் கருவி விழுவதும், தொடர்ந்து பெய்த மழை அழுக்கைக் கழுவிய பின் சில வேளை நிற்பதும் இதனாலேயே.

நீர் பெரும்பாலும் புகும் இடம் இரு சரங்கள் இணையும் பிளக் ஆகும். அதையடுத்து, விளக்குகளை மாறி மாறி எரியச் செய்யும் சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி. ரோப் லைட்டின் வெட்டுமுனை. ஆணியோ கட்டுக்கம்பியோ அழுத்திய இடம். அணில் கடித்த இடம். கம்பிகளை முறுக்கி இன்சுலேசன் டேப் சுற்றிய இணைப்பு தனியே குறிப்பிடத் தக்கது. டேப் நீரைத் தடுப்பதைவிட, உள்ளே புகுந்த நீரைக் காயவிடாமல் வைத்திருப்பதையே நன்றாகச் செய்கிறது. இணைப்பின் மேல் பாலித்தீன் பையை இறுகக் கட்டுவதும் அவ்வாறே. பையினுள் ஈரம் வியர்த்துத் தேங்கும்.

சிறு பல்புக்குச் சிறு மின்னழுத்தம்தானே என்னும் எண்ணம் தவறானது. தொடர் இணைப்பில் ஒவ்வொரு பல்பும் சில வோல்ட்டையே எடுத்துக்கொண்டாலும், பேஸ் பக்கக் கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே 230 வோல்ட்டும் இருக்கிறது. ஒரு பல்பைக் கழற்றினால் அந்த ஹோல்டரின் இரு முனைகளுக்கிடையே முழு மின்னழுத்தமும் வந்து நிற்கும். குழந்தைகள் எட்டும் உயரத்தில் இச்சரங்களைக் கட்டுவது எக்காலத்திலும் ஏற்றதன்று.

தாமிரபரணிப் பகுதியில்

தாமிரபரணி ஆறு பொதிகை மலையில் தோன்றி, பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம் வழியாகச் சென்று புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. இப்பகுதிக்குப் பெருமழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. விளக்குகள் மிகுதியாகக் கட்டப்படுவதும் ஏறத்தாழ இதே மாதங்களில்தான். பாளையங்கோட்டைத் தசராவின் சப்பரங்கள், தீபாவளி, நெல்லையப்பர் கோயிலின் ஐப்பசித் திருக்கல்யாணம், கார்த்திகை, பாளையங்கோட்டையின் தேவாலயங்களிலும் வீடுகளிலும் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் என அடுத்தடுத்து வருகின்றன. அமெரிக்க, ஐரோப்பிய நாடுகளில் இச்சிக்கல் பனிக்கால விடுமுறையோடு முடிந்துவிடும். இங்கு அது புரட்டாசியில் தொடங்கித் தைப்பொங்கல் வரை நீள்கிறது.

பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்றின்போதும் சாரல் உண்டு. சாரல் அளவில் சிறிதாயினும் பக்கவாட்டில் அடிப்பதால், கீழ்நோக்கிய ஹோல்டரிலும் நீர் ஏறும். கடற்கரைப் பகுதியில் உப்புக் காற்று பித்தளை முனைகளை அரித்துப் பச்சை படியச் செய்கிறது. அங்கு மழை இன்றி மார்கழிப் பனி மட்டுமே கசிவுக்குப் போதுமானது.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணியில் வெள்ளம் பெருகி ஆற்றோரக் குடியிருப்புகளில் நீர் புகுந்தது. கிறிஸ்துமசுக்கு ஒரு வாரமே இருந்த காலம் அது. இத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய சரம், ஜங்சன் பாக்ஸ், கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றை வெயிலில் காயவைத்து மீண்டும் பயன்படுத்தக் கூடாது. நீர் காய்ந்தாலும் வண்டல் உள்ளேயே தங்கி, அடுத்த ஈரத்தில் கடத்தும்.

பழுதைக் கண்டறிதல்

மழை நின்ற பின், உலர்ந்த காலணியுடன், வெளி இணைப்புகளின் மின்சாரத்தை நிறுத்திவிட்டே தேடத் தொடங்க வேண்டும். முதலில், விழுந்தது மின்கசிவுத் தடுப்பானா எம்.சி.பி.யா என்று பார்க்க வேண்டும். எம்.சி.பி. விழுந்திருந்தால் குறுக்குச் சுற்றையோ மிகைப்பளுவையோ தேட வேண்டும். அது வேறு பழுது.

அடுத்து, வெளியே செல்லும் பிளக்குகள் அனைத்தையும் கழற்ற வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்ச் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. சரத்தின் நியூட்ரல் கம்பி ஈரச்சுவரையோ இரும்பையோ நன்கு தொட்டுக்கொண்டிருந்தால், வீட்டில் ஓடும் மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றின் திரும்பு மின்னோட்டத்தில் ஒரு பகுதி அவ்வழியே நிலத்துக்குச் செல்லும். விளக்கு அணைந்திருக்கும்போதும் கருவி விழும். 'விளக்கைப் போடவே இல்லை, ஆனாலும் விழுகிறது' என்னும் புதிரின் விடை பெரும்பாலும் இதுதான்.

எல்லாப் பிளக்குகளையும் கழற்றிய பின்னும் கருவி நிற்கவில்லையெனில், பழுது விளக்குகளில் இல்லை. மோட்டார், நீர்ச்சூடேற்றி, சுவருக்குள் ஓடும் கம்பி ஆகியவற்றை மின்பணியாளர் சோதிக்க வேண்டும். நின்றால், சரங்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்கலாம். குற்றமுள்ள சரம் நீளமானதாக இருந்தால் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவது விரைவானது. ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றிய பின்னரே சரத்தைத் தொட வேண்டும்.

தனித்தனியே எந்தச் சரமும் துண்டிக்காமல், எல்லாம் சேர்ந்தால் மட்டும் துண்டிப்பதும் உண்டு. எல்.இ.டி. அடாப்டர்கள், கணினி, சலவை இயந்திரம் போன்றவற்றின் வடிகட்டிகளில் இயல்பாகவே சிறு கசிவு இருக்கும். இவை கூடி ஏற்கெனவே சில மில்லிஆம்பியரை எடுத்துக்கொண்டிருக்க, மழையின் சிறு கசிவு எல்லையைத் தாண்டச் செய்கிறது. இங்கு தீர்வு, சுமையைத் தனித்தனிக் கருவிகளுக்குப் பிரிப்பதாகும்.

துண்டிக்கும் நேரமும் ஒரு தடயம். செருகியவுடன் விழுந்தால் கம்பி நேரடியாக எதையோ தொடுகிறது. மழை தொடங்கிச் சற்று நேரம் கழித்து விழுந்தால் நீர் மெல்ல ஊறிச் செல்கிறது. விடியற்காலையில் மட்டும் விழுந்தால் பனியும் தூசியும் படிந்த மேற்பரப்பைத் தேட வேண்டும். இடியோடு ஒருமுறை விழுந்து பின் நிற்குமானால், அது மின்னழுத்த எழுச்சியால் நேர்ந்ததாக இருக்கலாம். சரத்தில் பழுது இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை.

சாதாரண மல்டிமீட்டர் சில வோல்ட்டைக் கொண்டே அளப்பதால் இப்பழுதைப் பெரும்பாலும் காட்டாது. 500 வோல்ட் மெக்கர் கொண்டு, சரத்தின் இரு கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்து நிலத்துக்கு எதிராக அளப்பதே முறையாகும். காய்ந்தபின் எடுத்த அளவை நம்ப இயலாது; ஈரமாக உள்ளபோதே அளக்க வேண்டும்.

தவறான தீர்வுகள்

அமெரிக்காவில் 1960களில் சார்லசு டால்சியல் உருவாக்கிய வழியில் வந்த பாதுகாப்பு இணைப்புப் பெட்டிகள், 4 முதல் 6 மில்லிஆம்பியரிலேயே துண்டிப்பவை. ஆயினும் துண்டிக்கப்படுவது அப்பெட்டியும் அதைச் சார்ந்தவையும் மட்டுமே. இந்திய வீடுகளில் மெயினுக்கு அருகே வீடு முழுமைக்கும் ஒரே கருவி இருப்பதே வழக்கம். முற்றத்துச் சீரியல் செட்டின் கசிவால் மின்விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் சேர்ந்து நிற்கின்றன. பண்டிகை இரவில் வீடே இருளும்போது, விளக்கைக் கழற்றுவதைவிடக் கருவியைத் தவிர்த்து நேரே கம்பி இணைப்பது எளிதாகத் தோன்றுகிறது. இத்தவறு பொறுப்பின்மையால் மட்டும் விளைவதன்று. அமைப்பின் குறையும் அதில் பங்கு கொள்கிறது.

30 மில்லிஆம்பியர் கருவியை எடுத்துவிட்டு 100 அல்லது 300 மில்லிஆம்பியர் கருவியைப் பொருத்துவது மற்றொரு வழக்கம். அவை தீயைத் தடுக்க உதவுபவை. மனித உயிரைக் காக்கப் போதுமானவை அல்ல. தெருக்கம்பத்தில் கொக்கி போட்டு எடுக்கும் இணைப்பில் எவ்விதத் தடுப்பானும் இல்லை. அது சட்டப்படி குற்றமும் ஆகும். பொது நிகழ்ச்சிகளுக்கு மின் பகிர்மானக் கழகத்திடம் தற்காலிக இணைப்புப் பெறலாம்.

தடுப்பு முறைகள்

வெளி விளக்குகளுக்கெனத் தனி மின்சுற்றும், அதற்கெனத் தனியே ஒரு 30 மில்லிஆம்பியர் கருவியும் அமைப்பதே நிலையான தீர்வாகும். அப்போது விழுவது விளக்குகள் மட்டுமே. கருவியைக் கழற்றும் தூண்டுதலும் இராது. பல எல்.இ.டி. சரங்களிலும் ரோப் லைட்டுகளிலும் மாறுமின்னோட்டம் திருத்தப்பட்டுச் செல்வதால், அவற்றின் கசிவைப் பழைய 'ஏசி' வகைக் கருவி சரிவர உணராமற் போகலாம். 'ஏ' வகைக் கருவி ஏற்றது.

அடாப்டரை வீட்டினுள் வைத்து 12 அல்லது 24 வோல்ட் மட்டும் வெளியே செல்லும் சரங்களை வாங்குவது இதனினும் நல்லது. 230 வோல்ட் சரமாயின் மழைச்சாரலுக்கு ஐ.பி.44, நேரடி மழைக்கு ஐ.பி.65 என்னும் குறியீடுகளைப் பார்க்க வேண்டும். இணைப்புகள் தரையில் கிடக்காமல், கூரையின் கீழ், வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். கம்பி இணைப்பை அடையும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

கருவியின் எல்லைகள்

பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருவர் ஒருசேரத் தொட்டு, நிலத்தோடு தொடர்பின்றி இருந்தால், மின்னோட்டம் சமமாகவே இருப்பதால் கருவி விழாது. சப்பரங்களில் வைக்கப்படும் சிறு ஜெனரேட்டர்களில் நியூட்ரல் நிலத்தோடு இணைக்கப்படாதிருந்தால், கருவி பொருத்தியிருந்தும் முதற் கசிவை அது உணராது. சோதனைப் பொத்தான் அழுத்தும்போது கருவி விழுவதைக் கொண்டு இவ்விணைப்பு சரியென்று கொள்ளவும் இயலாது. பொத்தான் கருவியின் உள்ளமைப்பை மட்டுமே சோதிக்கிறது.

உயரழுத்தக் கம்பிகளிடம் இக்கருவிக்கு வேலையே இல்லை. 2022 ஏப்ரல் 27 அன்று அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் உயிரிழந்தனர். சப்பரம் செல்லும் பாதையில் மின் பகிர்மானக் கழகம் மின்சாரத்தை நிறுத்தியது உறுதியான பின்னரே அதை நகர்த்த வேண்டும். அலங்காரத்துக்காக இரும்பு ஏணியைத் தூக்குமுன் மேலே செல்லும் கம்பியைப் பார்க்க வேண்டும்.