“வேணும்” என்ற ஒரு சொல்
நம் வேதச் சொற்களின் பழைய கதை

யூபிலி மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, கோவில் கட்டிய வரலாற்றையும் பங்குக் குருக்களின் வரிசையையும் என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் எழுதுவார்கள் என்று சொல்லி ஒதுங்கப் பார்த்தேன். விடவில்லை. ஆகவே நாம் நாள்தோறும் வாயால் சொல்லும் சில சொற்களின் வரலாற்றை எழுதத் துணிகிறேன். ஒரு சொல்லை மக்கள் எப்படிக் கேட்டார்களோ, அப்படியே வேதத்தையும் புரிந்து கொண்டார்கள், அப்படியே நடந்தும் கொண்டார்கள் என்பதற்கு நம் தமிழ்த் திருச்சபையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் 1536, 1537 ஆண்டுகளில் திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துக் குளிக்கும் உரிமைபற்றிய சண்டையில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு போதிப்பார் எவருமின்றி விடப்பட்டார்கள். 1542-ல் புனித சவேரியார் அங்கு வந்து, வேதத்தைப்பற்றி என்ன தெரியும் என்று விசாரித்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்குமேல் அவர்களுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்த சிலரைக் கூட்டி உட்கார வைத்து, மிகுந்த சிரமத்தோடு செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியவரையும் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார்.

இங்கேதான் நம் கதை தொடங்குகிறது. அந்த மொழிபெயர்ப்பில், விசுவாச மந்திரத்தின் தொடக்கத்தில், “விசுவசிக்கிறேன்” என்று வர வேண்டிய இடத்தில் “எனக்கு வேணும்” என்ற பொருளில் ஒரு சொல் விழுந்துவிட்டது! துபாஷி செய்த பிழை. சர்வேசுரனை விசுவசிக்கிறேன் என்பதற்குப் பதிலாக, சர்வேசுரன் எனக்கு வேணும் என்று கடற்கரை நெடுகச் சனங்கள் சொல்லி வந்தார்கள். பின்னர் உண்மை தெரிந்து, 1544-ல் தம் உடன் ஊழியரான மான்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில், இனி “வேணும்” என்று சொல்லாதேயும், அது விரும்புவதைக் குறிக்கும், விசுவசிப்பதற்குரிய சொல்லையே சொல்லும் என்று சவேரியார் திருத்தினார். அந்தப் பிழையைப்பற்றி எனக்கு ஒரு தனி எண்ணம் உண்டு. காற்றிலும் கடலிலும் உயிரைப் பணயம் வைத்தவர்கள் “வேணும்” என்று சொன்னது அத்தனை பெரிய பிழைதானா? வேதசாஸ்திரிகள் என்மேல் கோபிக்க வேண்டாம். ஆனாலும் பிழை பிழையே. திருத்தத்தான் வேண்டும்.

துபாஷியை நம்பியிருக்கும்வரை இந்த இடர் தீராது என்று கண்டவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார். நம்மவர் அவரை அண்டிரிக் அடிகளார் என்பார்கள். 1547-ல் கடற்கரைக்கு வந்து, தமிழைத் தாமே படித்து, அதற்கு இலக்கணமும் எழுதி வைத்தார். அவர் உழைப்பால் 1578-ம் ஆண்டு அக்டோபர் 20-ம் நாள் கொல்லத்தில் “தம்பிரான் வணக்கம்” அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள். இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அது. அதற்கு முன், 1554-ல், லிஸ்பனில் ஒரு தமிழ்ச் செப நூல் அச்சானதுண்டு, ஆனால் அதில் தமிழ் ரோமன் எழுத்தில் இருந்தது. தமிழை அறிந்தவனுக்கு அந்த எழுத்துத் தெரியாது. எழுத்தை அறிந்தவனுக்குத் தமிழ் தெரியாது! ஆகவே கொல்லத்தில் அச்சான அந்தச் சிறு புத்தகத்தின் அருமை பெரிது. அதன் தலைப்பையும் கவனியுங்கள். லத்தீன் சொல்லையோ போர்த்துக்கீசியச் சொல்லையோ இடாமல், சைவ மடங்களில் வழங்கும் “தம்பிரான்” என்ற சொல்லைக் கடவுளுக்கு எடுத்துக்கொண்டார் அடிகளார். அடுத்த ஆண்டு கொச்சியில் “கிரிசித்தியானி வணக்கமும்”, 1586-ல் அடியார் வரலாறும் வெளிவந்தன.

கடற்கரையை விட்டு உள்நாட்டுக்குப் போனால் நிலைமை வேறு. மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற முதிய குரு சில ஆண்டுகளாக உழைத்து வந்தார். நல்லவர், தவசி. ஆனால் ஊரார் ஏறக்குறைய ஒருவரும் சேரவில்லை. 1606-ல் அங்கு வந்த இத்தாலியரான ராபர்ட் தெ நொபிலி அடிகள் காரணத்தைத் தேடினார். வேதத்தில் சேர வருகிறவனிடம், பறங்கிக் குலத்தில் சேர உனக்கு விருப்பமா என்று கேட்கும் வழக்கம் இருந்தது. கேட்ட குரு, கிறிஸ்தவனாக விருப்பமா என்று கேட்பதாக எண்ணினார். கேட்கப்பட்டவனோ, உன் தாய் தகப்பனையும் ஊரையும் உறவையும் விட்டு, மாட்டிறைச்சி தின்று, மது குடித்து, குளிக்காமல் திரியும் அந்நியக் கூட்டத்தில் சேருகிறாயா என்று தன் காதில் கேட்டான். கேள்வி ஒன்றுதான், கேட்டவருக்கும் கேட்கப்பட்டவனுக்கும் பொருள் வேறு. பூசையைக் குறிக்கும் “மிஸ்ஸா” என்ற சொல், நம்மவர் காதில் “மீசை” என்று விழுந்ததாகவும் அக்காலத்துக் கதை ஒன்று உண்டு.

நொபிலி அடிகள் காவி உடுத்தார், மரக்கறி உணவு கொண்டார், தமிழோடு வடமொழியும் கற்றுத் “தத்துவ போதகர்” ஆனார். பிற நாட்டுச் சொற்களுக்குப் பதிலாக, இம்மண்ணில் மக்கள் பக்தியோடு வழங்கிய சொற்களைக் கையாண்டார். கோவில், பூசை, குரு, மந்திரம், ஞானஸ்நானம், சர்வேசுரன் ஆகிய சொற்கள் நம்மிடையே வேர்விட்டதில் அவர் பங்கு பெரிது. நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லிய பரலோக மந்திரமும் மங்கள வார்த்தை மந்திரமும் அந்தக் காலத்து வித்துக்களே. குடுமி, பூணூல், சந்தனம் இவை குலமரபின் அடையாளங்களா, பிற சமயச் சடங்கா என்று பெரிய வழக்கெழுந்தது. 1619-ல் கோவாவில் வாதம் நடந்தது. 1623-ல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார், வரம்புகளோடு, நொபிலி அடிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் வரலாறு ஆகாது. குருவின் உடையும் உணவும் பேச்சுத்தான். உயர்குலத்தார் வீட்டுக்குப் போகிற சந்நியாசி வேறு, தாழ்த்தப்பட்டோரிடம் போகிற பண்டார சுவாமி வேறு என்று 1640 முதல் இரு வகைக் குருக்கள் இருந்தனர். சனங்கள் அதிலிருந்து என்ன பாடம் படித்திருப்பார்கள்? சர்வேசுரன் ஒருவரே என்று குரு வாயால் சொன்னார். அவர் நடந்து காட்டியது வேறாக இருந்தது. சனங்கள் கண்ணால் கண்டதையே நம்பினார்கள். வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோவில் இரு கிளையாகப் பிரிந்து, சாதிக்கொரு பக்கமாக, நடுவில் தடுப்போடு நின்றது. 1910-ல் அந்தத் தடுப்பை எடுத்தபோது மூண்ட வழக்குச் சென்னை உயர் நீதிமன்றம்வரை போயிற்று. நல்லெண்ணத்தோடு பேசிய ஒரு மொழியில் இந்தத் தீமையும் கலந்து வந்தது. இன்றும் கல்லறைத் தோட்டத்தில் தனிப் பகுதி வைத்திருக்கும் ஊர்கள் உண்டென்று நாம் அறிவோம்.

சடங்கிலும் இதே சங்கடம். ஞானஸ்நானத்தின்போது குரு தம் உமிழ்நீரால் காதையும் மூக்கையும் தொடுவது பழைய முறை. செவிடனை நமதாண்டவர் குணமாக்கியதை நினைவூட்டும் அருமையான அடையாளம். ஆனால் எச்சில் என்றால் நம் நாட்டில் என்ன பொருள் என்று சொல்லவும் வேண்டுமோ? மிஷன் குருக்கள் அதை விட்டுவிட்டார்கள். விடக்கூடாது என்று 1704-ல் புதுச்சேரியில் தூர்னோன் ஆண்டகை கட்டளையிட்டார். பின்னர் உரோமையே சில ஆண்டுகளுக்கு விலக்கும் தந்தது. 1969-ல் வந்த குழந்தைகள் திருமுழுக்குச் சடங்கில் உமிழ்நீர் இல்லை.

வீரமாமுனிவரைப்பற்றி நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கிறார்கள். 1726-ல் முடித்த தேம்பாவணியில் சூசையப்பரைத் தமிழ்க் காவியத் தலைவராக்கினார், 1732-ல் சதுரகராதி தந்தார் என்பதோடு நிறுத்துகிறேன்.

என் காலத்துக்கு வருகிறேன். பூசைக்கு உதவும் சிறுவனாக நான் இருந்தபோது, லத்தீன் பதில்களைத் தமிழ் எழுத்தில் ஒரு கோடுபோட்ட நோட்டில் எழுதி மனனம் செய்தோம். பொருள் தெரியாது, ஒரு எழுத்துத் தப்பினால் உபதேசியார் காதைத் திருகுவார். பின்னால் சனங்கள் செபமாலை சொல்லிக் கொண்டிருப்பார்கள். மணி அடித்தால் தலை குனிவார்கள். 1963-ம் ஆண்டு டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்கு வழிவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் குரு மக்களை நோக்கித் திரும்பி நின்று தமிழில் பேசினார். சொற்களும் ஒவ்வொன்றாக மாறின. பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, இஸ்பிரீத்து சாந்து தூய ஆவியாயிற்று, மேற்றிராணியார் ஆயரானார், சம்மனசுகள் வானதூதரானார்கள். 1995-ல் வந்த திருவிவிலியம் இந்தப் புதுத் தமிழை வீட்டுக்குள்ளும் கொண்டு வந்தது. நல்ல தமிழ், எனக்கும் பிடித்த தமிழ். ஆனாலும் நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் என் வாயில் வருவது “சர்வேசுரா” தான், இறைவா அன்று.

முதல் தமிழ்ப் பூசைக்கு எங்கள் ஆச்சியைக் கைபிடித்துக் கூட்டிப்போனது நன்றாக நினைவிருக்கிறது. எழுத்தறியாதவர். திரும்பி வரும் வழியில் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “சாமியார் சொன்னது அம்புட்டும் விளங்கிச்சுடா” என்றார். சற்று நடந்து, “ஆனா கேட்டுக்கிட்டே இருந்துட்டேன், செபமாலை பாதியில நின்னு போச்சு” என்று, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மீதியைச் சொல்லி முடித்தார்.