ஜெர்மனி: மகப்பேற்று மருத்துவர்கள் கற்பதும் கற்காமல் விடுவதும்

ஜெர்மனியில் ஒரு குழந்தை பிறக்கும்போது மருத்துவர் அருகில் இல்லாமல் இருக்கலாம். மருத்துவச்சி இல்லாமல் இருக்க முடியாது. சிக்கலற்ற பிரசவத்தை மருத்துவச்சி தனியாகவே நடத்தலாம் என்றும், மருத்துவர் ஒருவர் பிரசவம் பார்க்கும்போது மருத்துவச்சி உடனிருப்பதை அவர் உறுதி செய்ய வேண்டும் என்றும் அந்நாட்டுச் சட்டம் கூறுகிறது. அவசர நிலை மட்டுமே விதிவிலக்கு.

தாயகத்திலிருந்து அங்கு குடியேறிய தமிழ்ப் பெண்கள் பலருக்கு இது வியப்பளிக்கும் ஏற்பாடு. கர்ப்ப காலம் முழுவதும் பரிசோதித்து, 1961ஆம் ஆண்டில் அறிமுகமான 'முட்டர்பாஸ்' எனும் தாய்மைக் குறிப்பேட்டில் பதிவு செய்துவரும் பெண்நோய் மருத்துவர், பெரும்பாலும் பிரசவ அறைக்கு வருவதில்லை. அங்கிருப்பவர் மருத்துவமனையின் மருத்துவச்சி. தேவைப்பட்டால் அழைக்கப்படுபவர், பல வேளைகளில் இன்னும் பயிற்சியிலிருக்கும் இளம் மருத்துவர். அந்த இளம் மருத்துவர் எதைக் கற்றிருக்கிறார் என்பது ஆகவே சிறிய கேள்வி அல்ல.

ஆறாண்டு மருத்துவப் படிப்பையும் அரசுத் தேர்வுகளையும் முடித்து, 'அப்ரோபாட்சியோன்' எனப்படும் தொழில் உரிமம் பெற்ற பின்னர், மகளிர் மருத்துவத்திலும் மகப்பேற்றிலும் நிபுணராக மேலும் குறைந்தது 60 மாதங்கள் பயிற்சி பெற வேண்டும். இந்தியாவில் இதற்கு நீட் முதுநிலைத் தேர்வின் தரவரிசையும் மூன்றாண்டு எம்.டி. அல்லது எம்.எஸ். படிப்பும் உண்டு. இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் இப்பயிற்சியை நடத்துகிறது. ஜெர்மனியிலோ நுழைவுத் தேர்வும் இல்லை, தரவரிசையும் இல்லை. மருத்துவமனையில் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்தால் ஊதியம் பெறும் மருத்துவராகவே பயிற்சி தொடங்கும். விதிகளை வகுத்து இறுதி வாய்மொழித் தேர்வை நடத்துவது பல்கலைக்கழகம் அல்ல, மருத்துவர் மன்றங்கள். 16 மாநிலங்களுக்கு 17 மன்றங்கள் என்பது ஜெர்மன் கூட்டாட்சியின் ஒரு விநோதம்.

வெளிநாட்டில் படித்தவர்களுக்கு 2012ஆம் ஆண்டு வரை நிலைமை கடினமாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் தற்காலிக அனுமதியுடனேயே பணியாற்றினர். அவ்வாண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அங்கீகாரச் சட்டம் குடியுரிமைத் தடையை நீக்கியது. இன்று சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ படித்தவரும் அறிவுத் தேர்விலும் மருத்துவ மொழித் தேர்விலும் தேறினால் முழு உரிமம் பெறலாம்.

விதிகள் எவ்வாறிருப்பினும், நடைமுறையில் பயிற்சி என்பது தலைமை மருத்துவர் என்ன செய்கிறாரோ அதைப் பார்த்துக் கற்பதுதான். இது புதிய செய்தியல்ல. 1751ஆம் ஆண்டில் கோட்டிங்கன் நகரில் பல்கலைக்கழகத்துடன் இணைந்த மகப்பேற்று மனை தொடங்கப்பட்டது. ஏழை, மணமாகாத பெண்களுக்கு அங்கு இலவசமாகப் பிரசவம் பார்க்கப்பட்டது. அதற்கு விலையாக, மாணவர்களின் பாடப்பொருளாக அவர்கள் தம் உடலை அளிக்க வேண்டியிருந்தது. 1792 முதல் அம்மனையை நடத்திய ஓசியாண்டர் ஏறக்குறைய பத்தில் நான்கு பிரசவங்களை ஆயுதம் போட்டே முடித்தார். அதே காலத்தில் வியன்னாவில் போயர் என்பவர் ஆயுதத்தை மிக அரிதாகவே எடுத்தார். இருவரிடமும் கற்ற மாணவர்கள் எத்தகைய பழக்கத்துடன் ஊர் திரும்பியிருப்பர் என்பதை ஊகிக்கலாம்.

கைவிட்டுப்போகும் கைத்திறன்

அண்மைக்கால உதாரணம், குழந்தை தலை திரும்பாமல் இடுப்பு கீழாக அமையும் பிரசவம். 2000ஆம் ஆண்டில் 26 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. இந்நிலையில் முன்கூட்டியே சிசேரியன் செய்வது குழந்தைக்குப் பாதுகாப்பானது என்றது அது. சில மாதங்களுக்குள்ளேயே பல நாடுகளின் மருத்துவமனைகள் யோனிவழிப் பிரசவத்தைக் கைவிட்டன. அதே குழந்தைகளில் ஒரு பகுதியினரை இரண்டு வயதில் பரிசோதித்து 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட தொடராய்வில், இறப்பிலோ வளர்ச்சிக் குறைபாட்டிலோ இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் அதற்குள் கற்பிக்கக்கூடியவர்கள் குறைந்துவிட்டனர்.

ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழக மருத்துவமனை அதற்கு விலக்காக நின்றது. பேராசிரியர் ஃபிராங்க் லோவன் தலைமையிலான குழு, தாயை மல்லாந்து படுக்க வைக்காமல் முழங்காலும் கையும் ஊன்றிய நிலையில் இத்தகைய பிரசவங்களைப் பார்த்து வந்தது. நிமிர்ந்த நிலையில் மருத்துவரின் கைத்தலையீடும் குழந்தைக்கு ஏற்படும் காயங்களும் குறைவு என அக்குழு 2017ஆம் ஆண்டில் அறிவித்தது. ஒரே மையத்தின் அனுபவத்தைப் பொதுவிதியாக்க முடியாதுதான். ஆயினும் பிற நாட்டு மருத்துவர்களும் அங்கு சென்று இதைக் கற்க நேர்ந்ததே, இழப்பின் அளவை உணர்த்துகிறது.

1991ஆம் ஆண்டில் சுமார் 15 விழுக்காடாக இருந்த ஜெர்மனியின் சிசேரியன் விகிதம் இன்று 30 விழுக்காட்டைத் தாண்டியிருக்கிறது. அதே காலத்தில் பிரசவப் பிரிவு உள்ள மருத்துவமனைகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகியுள்ளது. பெரிய மருத்துவமனைகளில் பிரசவங்கள் குவிவது பயிற்சிக்கு நல்லது என்போர் உண்டு. அது உண்மையே, எனினும் அறுவை அறையையே அதிகம் காணும் பயிற்சியாளர் அறுவையையே அதிகம் நம்புவார் என்பதையும் மறுக்க இயலாது.

பப்பாளிப் பழப் பயிற்சி

கருக்கலைப்பு விடயத்தில் நிலைமை வேறு. அங்கு திறன் மறக்கப்படவில்லை. பலருக்கு முறையாகக் கற்பிக்கப்படவே இல்லை. ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 218ஆவது பிரிவின்படி, கட்டாய ஆலோசனைக்குப் பின்னர் முதல் 12 வாரங்களில் செய்யப்படும் கருக்கலைப்புக்குத் தண்டனை இல்லை. ஆனால் அது சட்டவிரோதமே. உயிராபத்து போன்ற சூழல்கள் தவிர, எந்த மருத்துவரையும் அதில் பங்கேற்கக் கட்டாயப்படுத்த முடியாது. இதைச் செய்யும் இடங்கள் 2003ஆம் ஆண்டில் சுமார் 2,050 ஆக இருந்தன. பின்னர் 1,100 அளவுக்குக் குறைந்தன.

இந்த இடைவெளியைக் கண்ட பெர்லின் சாரிடே மருத்துவமனையின் மாணவர் குழு ஒன்று, 2015 முதல் மாலை வகுப்புகளை நடத்தத் தொடங்கியது. கருப்பையின் வடிவை ஒத்திருப்பதால் பப்பாளிப் பழத்தில், உறிஞ்சு குழாயைக் கொண்டு மாணவர்கள் பயிற்சி பெற்றனர். கர்ப்பிணி தொடக்கூடாது என்று தமிழ் வீடுகள் விலக்கும் அதே பழம்.

இந்தியாவுடன் ஒப்பிடுவது இங்கு பயனுடையது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2003இல் வகுக்கப்பட்ட விதிகள், நிபுணர் அல்லாத மருத்துவர் இச்சிகிச்சையைத் தொடக்க வாரங்களில் செய்வதற்கு 25 சிகிச்சைகளில் உதவியிருக்க வேண்டும், அவற்றில் ஐந்தையாவது தாமே செய்திருக்க வேண்டும் என்கின்றன. இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவை தாயின் உயிரைக் காக்க மட்டுமே இதை அனுமதிக்கிறது. செல்வம் மிக்க ஜெர்மனியின் சட்டம் இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கிறது.

அரசு நியமித்த ஆணையம் ஒன்று, ஆரம்ப வாரங்களில் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்குமாறு 2024 ஏப்ரலில் பரிந்துரைத்தது. அதற்கான சட்டமூலம் 2025 பெப்ரவரித் தேர்தலுக்கு முன் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வரவில்லை. அவ்வாண்டே லிப்ஸ்டாட் நகரில், கத்தோலிக்க அமைப்புடன் இணைக்கப்பட்ட மருத்துவமனை ஒன்று கருக்கலைப்பைத் தடைசெய்ததை எதிர்த்து, அதன் மகளிர் பிரிவுத் தலைமை மருத்துவர் யோவாகிம் ஃபோல்ட்ஸ் வழக்குத் தொடுத்தார். காமாட்சி அம்பாள் ஆலயத்தால் ஐரோப்பியத் தமிழர் அறிந்த ஹம் நகரின் தொழில் நீதிமன்றம், நிர்வாகத்திற்கு அத்தகைய உத்தரவிடும் அதிகாரம் உண்டு என ஆகஸ்ட் 8ஆம் தேதி தீர்ப்பளித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. தலைமை மருத்துவர் செய்ய முடியாத சிகிச்சையை, அதே பிரிவில் ஐந்தாண்டு பயிற்சி பெறுவோர் யாரிடம் கற்பது என்பது அவ்வழக்கில் முன்வைக்கப்பட்ட கேள்வி அல்ல.