கியாசனூர் வனக் காய்ச்சல்

கியாசனூர் வனக் காய்ச்சல் என்பது உண்ணிக் கடியால் பரவும் வைரஸ் நோய். குரங்குக் காய்ச்சல் என்னும் வழக்குப் பெயர் அத்தனை பொருத்தமன்று. குரங்கும் இந்நோய்க்குப் பலியாவதே. 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டக் கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்ததையும், அண்டை ஊர்களில் கடுங்காய்ச்சல் பரவியதையும் ஆராய்ந்த புனே வைரஸ் ஆய்வு மையத்தினர் இக்கிருமியைப் பிரித்தெடுத்தனர். மந்தியோ குல்லாய்க் குரங்கோ இறந்ததும் அதன் உடலிலிருந்து உண்ணிகள் உதிர்ந்து சருகில் தங்குகின்றன. குண்டூசித் தலையளவே உள்ள இளம் உண்ணிகள் விறகு பொறுக்குவோர், மாடு மேய்ப்போர் கால்களில் ஏறிக் கடிக்கின்றன. இவை பெருகும் டிசம்பர் முதல் மே வரையே நோய்க் காலம். திடீர்க் காய்ச்சல், தலைவலி, தசைவலி, சிலருக்கு இரத்தக்கசிவு ஆகியன அறிகுறிகள். இறப்பு 3 முதல் 5 விழுக்காடு. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. 2012இல் பந்திப்பூரிலும், பின்னர் வயநாடு, நீலகிரி காடுகளிலும் இது கண்டறியப்பட்டது.