ஜானகி அம்மாவும் நம்ம வீட்டுப் பழைய பெட்டியும்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடிச்சிட்டு நிதானமா படிங்க.

போன வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு, அன்னதானப் பாத்திரங்களைக் கழுவிக்கிட்டு இருந்தோம். நம்ம கோயிலுக்கு வழக்கமா வரும் ஒரு பாட்டி பக்கத்துல உட்கார்ந்து வெத்தலை மடிச்சுக்கிட்டே சொன்னாங்க: "எங்க அப்பா நேதாஜி பட்டாளத்துல இருந்தவரு. ஆனா வீட்டுல அதப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. எங்களுக்கு அவரு விடியக்காலையில பால்மரம் வெட்டப் போற அப்பா, அவ்வளவுதான்." சீருடையோட ஒரு படம் மட்டும் இருந்ததாம். தோட்டத்தை விட்டு பாகான் டாலாமுக்குக் குடிவந்தப்போ அதுவும் எங்கேயோ போயிடுச்சு. பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்த பையன் ஒருத்தன் கேட்டான், "பாட்டி, பொம்பளைங்களும் பட்டாளத்துக்குப் போனாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?"

நிஜம்தான் தம்பி. உனக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

புவான் ஸ்ரீ ஜானகி ஆதி நாகப்பன். 25 பிப்ரவரி 1925இல் மலாயாவில் வசதியான தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஜப்பான்காரன் ஆட்சி நடந்த காலம். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய ராணுவத்தின் பொறுப்பை ஏற்றார். பிறகு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இந்திய விடுதலைக்கு உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்று அவர் கேட்டதைக் காதால் கேட்ட ஜானகி, அங்கேயே காதில் கிடந்த தங்கத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். பதின்ம வயதுப் பெண். நம்ம வீட்டில் இப்போ ஒரு பெண் பிள்ளை அப்படிச் செய்துவிட்டு வெறுங்காதோடு வந்தால் என்ன நடக்கும் என்று யோசிச்சுப் பாருங்க!

தோடு போனதோடு விஷயம் முடியவில்லை. ஜான்சி ராணிப் படையில் சேரப் போகிறேன் என்றார். அந்தப் படையில் சேர கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அப்பாவின் கையெழுத்து வேண்டும், கல்யாணம் ஆனவருக்குக் கணவரின் கையெழுத்து வேண்டும். ஜானகியின் அப்பா முடியவே முடியாது என்றார். ரொம்ப நாள் மல்லுக்கட்டிய பிறகுதான் இறங்கி வந்தார். வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு என்னவோ இந்த இடத்தில்தான் மனசு நிற்கிறது. நடப்பது உலகப் போர். அனுப்பினால் பிள்ளை திரும்பி வருமா என்று தெரியாது. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட அப்பாவின் கை எப்படி நடுங்கியிருக்கும்?

22 அக்டோபர் 1943 அன்று சிங்கப்பூரில் பயிற்சி முகாம் தொடங்கியது. தலைவி டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். சேர்ந்தவர்களில் பலர் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்களும் அதில் நிறைய. வீட்டில் செல்லமாக வளர்ந்த ஜானகிக்கு முகாம் சாப்பாடும் அணிவகுப்பும் முதலில் ஒத்துவரவில்லை. போகப் போகப் பழகி, அந்தப் படையின் இரண்டாம் நிலைத் தலைவியாகவே உயர்ந்தார்.

பர்மாவுக்குப் போனார்கள். போர்முனைக்கு அனுப்புங்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டு இருந்தபோதே, 1944 நடுவில் இம்பால் போர் தோற்றுப்போனது. காயத்தோடும் மலேரியாவோடும் திரும்பி வந்த வீரர்களைக் கவனிப்பதுதான் இவர்கள் கைக்கு வந்த வேலை. 1945 ஏப்ரல் கடைசியில் பிரிட்டிஷ் படை ரங்கூனை நெருங்கியது. பெண்களைப் பாதுகாப்பாக அனுப்பாமல் நான் கிளம்ப மாட்டேன் என்று போஸ் பிடிவாதமாக நின்றார். கடைசியில் அவரும் ஜானகியும் மற்ற பெண்களும் ஒன்றாகவே புறப்பட்டார்கள். பகலில் விமானக் குண்டு, அதனால் இரவில் நடை. சித்தாங் ஆற்றைக் கடந்து மௌல்மீன் வரை வந்தார்கள்.

எல்லோரும் திரும்பி வரவில்லை. ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு பெண்கள், ரங்கூனிலிருந்து திரும்பும் வழியில் அவர்கள் வந்த ரயில் தாக்கப்பட்டு இறந்துபோனார்கள். அவர்கள் வீட்டிலும் யாரோ ஒரு அப்பா கையெழுத்துப் போட்டிருப்பார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மௌல்மீன் பக்கத்திலிருந்து பாங்காக் பக்கம் போக அப்போ இருந்த ஒரே ரயில் பாதை எது தெரியுமா? சயாம் மரண ரயில். நம்ம தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போன தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் செத்து விழுந்து போட்ட தண்டவாளம். 1943 அக்டோபரில் அந்தப் பாதை போட்டு முடிந்தது. அதே மாதம்தான் சிங்கப்பூரில் ராணிகள் முகாம் திறந்தது. ஒரே தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை நேதாஜி படைக்கும், பக்கத்து வீட்டு அப்பா சயாமுக்கும் போயிருக்கலாம். ஒரு பக்கம் ஜப்பான்காரன் நம்ம ஆட்களைக் கொன்றான், இன்னொரு பக்கம் அவன் உதவியோடுதான் இந்தப் படை நடந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் வெறும் வீரவசனம் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நம்ம தாத்தாக்கள் பலர் வாய் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நம்ம பினாங்குக்கும் இதில் பங்கு உண்டு. கிரீன் லேனில் இருக்கும் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் கட்டடத்தில்தான் அப்போ இந்திய சுவராஜ் பயிற்சிக்கூடம் நடந்தது. பினாங்கு வழக்கறிஞர் என். ராகவன் அதன் பொறுப்பில் இருந்தார். பிற்காலத்தில் சீனாவுக்கு இந்தியத் தூதராகப் போனவர் அவர். அங்கே உளவுப் பயிற்சி பெற்று, நீர்மூழ்கிக் கப்பலில் போய் 1942 செப்டம்பரில் கேரளக் கரையில் இறங்கியவர்களில் வக்கம் காதரும் ஒருவர். பிடிபட்டு, 10 செப்டம்பர் 1943 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஃபெரி ஏறி அந்தப் பக்கம் எத்தனை தடவை போய் வந்திருக்கோம், அந்தப் பள்ளியைத் தாண்டும்போது இது யாருக்காவது ஞாபகம் வந்திருக்கா? எனக்கே போன வருஷம்தான் தெரியும்.

சரி, ஜானகி அம்மாவுக்கு வருவோம். அவர் சீருடை போட்டிருந்தது ஏறக்குறைய இரண்டு வருஷம். அதற்குப் பிறகு வாழ்ந்தது கிட்டத்தட்ட 69 வருஷம். நாம் அந்த இரண்டு வருஷத்துப் படத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டுகிறோம்.

போர் முடிந்த பிறகு மலாயாவில் நம்ம ஜனங்கள் இருந்த நிலை கொடுமை. பசி, நோய், தகப்பனை இழந்த பிள்ளைகள். இந்தியக் காங்கிரஸ் அனுப்பிய மருத்துவக் குழுவோடு சேர்ந்து ஜானகி சேவைக்கு இறங்கினார். 1946இல் ஜான் திவி மலாயா இந்தியர் காங்கிரசைத் தொடங்கியபோது கூட நின்று உழைத்தார். ஆதி நாகப்பனைக் கைப்பிடித்தார். கணவர் வழக்கறிஞர், அரசியல்வாதி, பிறகு செனட்டர், அமைச்சர். நகராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்ட 1965இல் அமைத்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவரும் அவரே. உள்ளூர்த் தேர்தல் மறுபடி வேண்டும் என்றது அந்த அறிக்கை. நடக்கவில்லை, அது வேற கதை. 1976இல் கணவர் காலமானார். கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கம் போனால் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

கணவர் போன பிறகு இன்னும் 38 வருஷம் ஜானகி அம்மா இருந்தார். குடும்பம், பிள்ளை, பொதுச்சேவை. நாட்டின் மேலவையில் அவரும் செனட்டராக உட்கார்ந்தார். 2000இல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. 9 மே 2014 அன்று, நிமோனியா காய்ச்சலில், தன் வீட்டிலேயே கண்ணை மூடினார். வயது 89.

அவருக்காவது பெயரும் விருதும் இருக்கு. பாட்டியோட அப்பாவுக்கு என்ன இருக்கு? பால்மரம் வெட்டினார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார், போய்ச் சேர்ந்தார். நான் பாட்டிகிட்ட, "அவரு எந்த ஊரு முகாம்ல இருந்தாருன்னு ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சிட்டு, "சாப்பாட்டுத் தட்டை எப்பவும் தானே கழுவி, துடைச்சு, சுவத்துல சாய்ச்சு வைப்பாரு. பட்டாளத்துப் பழக்கம்னு எங்க அம்மா சொல்லும்"ன்னாங்க. அவங்ககிட்ட மிச்சம் இருந்தது அவ்வளவுதான். எழுதி வச்சிருக்கேன்.

உங்க வீட்டிலும் அலமாரிக்கு மேல ஒரு பழைய தகரப் பெட்டி இருக்கலாம். தாத்தா பாட்டியோட படம், அடையாள அட்டை, ஏதாவது காகிதம், ஒரு பொத்தான் இருந்தாலும் சரி. நேதாஜி படை, சயாம் ரயில், பிற்காலத்தில் நம்ம நாட்டு ராணுவம், எதுவானாலும் பரவாயில்லை. தீபாவளிக்கு வீடு சுத்தம் பண்ணும்போது தூக்கிப் போட்டுடாதீங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூசை முடிஞ்சதும் அன்னதானக் கூடத்துல நானும் அந்தப் பையனும் இருப்போம். கைப்பேசியில படம் எடுத்துக்கிட்டு உடனே திருப்பிக் கொடுத்துடுவோம். பொருள் எதுவும் இல்லைன்னா சும்மா வந்து சொல்லுங்க, நாங்க எழுதிக்கிறோம். பெரியவங்களைக் கூட்டிட்டு வர வண்டி இல்லைன்னா முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்க, நாங்களே வந்து அழைச்சுக்கிறோம்.