மேடைக்கு வெளியே நின்ற காமிரா

1964 பிப்ரவரி 7 அன்று பீட்டில்ஸ் நியூயார்க்கில் வந்து இறங்கியபோது ஆல்பர்ட் மேசல்ஸும் அவர் தம்பி டேவிடும் விமான நிலையத்தில் தயாராக இருந்தார்கள். இங்கிலாந்தின் கிரானடா டெலிவிஷன் அவர்களை அமர்த்தியிருந்தது. அண்ணன் தோளில் 16 மி.மீ. காமிரா, தம்பியிடம் ஒலிப்பதிவுக் கருவி. பின்னணிக் குரல் கிடையாது, பேட்டி கிடையாது. நடப்பதன் பின்னால் போவது ஒன்றுதான் வேலை. 'வாட்ஸ் ஹாப்பனிங்! த பீட்டில்ஸ் இன் த யு.எஸ்.ஏ.' என்ற படம் இப்படித்தான் உருவாயிற்று.

பிப்ரவரி 9 இரவு எட் சல்லிவன் நிகழ்ச்சியில் அவர்களைப் பார்த்தவர்கள் சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர். சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்த எண்ணைச் சொல்லி, கூடவே ஒரு காரணத்தையும் சொல்வார்கள்: கென்னடி சுடப்பட்டுப் பதினோரு வாரம்தான் ஆகியிருந்தது, துக்கத்தில் இருந்த தேசத்துக்குச் சிரிக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சௌகரியமான விளக்கம். 1963லேயே இங்கிலாந்தில் பெண்கள் இதே கூச்சலைப் போட்டார்களே, அங்கே எந்த ஜனாதிபதி செத்தார்?

மேசல்ஸ் சகோதரர்கள் காரணம் தேடவில்லை. அந்த இரவு ஸ்டுடியோவுக்குள் படம்பிடிக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், டெலிவிஷனில் அதே நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தைப் படம்பிடித்தார்கள். பெண்கள் பெட்டியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பெற்றோரும் உடன் இருக்கிறார்கள். அவ்வளவுதான் காட்சி. ஆனால் அந்த ஏழு கோடி என்பது என்ன என்று இந்த ஓர் அறைதான் நமக்குக் காட்டுகிறது. புகழ் அன்றைக்கு நடந்த இடம் மேடையல்ல, இந்த மாதிரி அறைகள். கதவு அடைபட்டதால் கிடைத்த காட்சி இது. உள்ளே விட்டிருந்தால் நாலு பேர் பாடுவதை இன்னொரு கோணத்தில் எடுத்துவந்திருப்பார்கள்.

பிப்ரவரி 11 அன்று, பனிப்புயல் காரணமாக, வாஷிங்டனுக்கு ரயிலில் போகிறார்கள். ரயில் காட்சிகளில் ஜார்ஜ் ஹாரிஸன் சாமான் வைக்கும் பரணில் ஏறிப் படுத்துக்கொள்கிறார். ரிங்கோ புகைப்படக்காரர்களின் பைகளையெல்லாம் தன் மேல் மாட்டிக்கொண்டு திரிகிறார். வேடிக்கைதான். ஆனாலும் காமிராவுக்குத் தாங்கள் எப்படித் தெரிய வேண்டும் என்பது வந்த சில நாட்களிலேயே இவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. விளையாட்டு பாதி, உத்தியோகம் பாதி.

1991ல் இந்தப் படச்சுருள்கள் திரும்ப வெட்டி ஒட்டப்பட்டு 'த ஃபர்ஸ்ட் யு.எஸ். விசிட்' என்று வெளிவந்தன. சல்லிவன் மேடைப் பாடல்கள் அதில் சேர்ந்தன. ரசிகர்களுக்கு லாபம்; சரித்திரத்துக்கு நஷ்டம் என்பேன். பாட்டு வந்ததும் கண் மேடைக்குப் போய்விடுகிறது, பார்த்தவர்கள் மங்கிவிடுகிறார்கள். டேவிட் தெடெஸ்கி இயக்கி 2024ல் வந்த 'பீட்டில்ஸ் 64' வயதாகிவிட்ட ரசிகர்களைப் பேச வைக்கிறது. நினைவுகூர்வது வேறு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிடிபட்ட முகம் வேறு.

அந்த முகத்தை மேசல்ஸ் சகோதரர்கள் மறக்கவில்லை. சார்லட் ஸ்வெரினுடன் சேர்ந்து 1970ல் அவர்கள் தந்த 'கிம்மி ஷெல்ட்டர்' படத்தில் எடிட்டிங் மேஜையின் சின்னத் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவர் மிக் ஜாகர். அவர் பார்ப்பது, 1969 டிசம்பரில் ஆல்டமான்டில், தன் குழு மேடையில் இருக்கையில் கூட்டத்தில் ஒருவன் குத்திக் கொல்லப்பட்டதை.