தரவுச் சேமிப்பு: தொடக்கநிலை நிரலாக்கக் கல்வியில்

ஒரு நிரல் ஓடி முடிந்ததும் அதன் மாறிகளில் இருந்த மதிப்புகள் நினைவகத்தை விட்டு நீங்கிவிடுகின்றன. அடுத்த முறை இயக்கும்போது அவை மீண்டும் கிடைக்கும்படி நாடாவிலோ வட்டிலோ எழுதிவைப்பதை நிலைத்த சேமிப்பு என்பர். விளையாட்டின் உச்சப் புள்ளி, மாணவர் மதிப்பெண் பட்டியல், தொலைபேசி எண் தொகுப்பு ஆகியவை இதைக் கற்பிக்க வழக்கமாக எடுத்தாளப்படும் பயிற்சிகள். இதற்கு இரண்டு வழிகள் உருவாகின. நினைவகத்தில் உள்ள அனைத்தையும் அப்படியே சேமிப்பது ஒன்று. வேண்டிய தரவை மட்டும் தேர்ந்து கோப்பில் எழுதுவது மற்றொன்று.

தொடக்கம்

ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் உருவாக்கிய பேசிக் மொழி 1964 மே 1 அன்று முதன்முதலில் இயங்கியது. கணினி படிக்காத மாணவர்களையும் மனத்தில் கொண்டு அமைந்த மொழி அது. அதனுடன் வந்த ‘சேவ்’ கட்டளை நிரலைச் சேமித்ததே தவிர, நிரல் கணக்கிட்ட விடைகளைச் சேமிக்கவில்லை. தரவு, ‘டேட்டா’ என்று தொடங்கும் வரிகளில் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டது. அதை மாற்ற நிரலையே திருத்த வேண்டும். கோப்புகளைக் கையாளும் கட்டளைகள் பிந்தைய பதிப்புகளில்தான் வந்தன.

அதே பத்தாண்டில் ஐபிஎம் உருவாக்கிய ஏபிஎல் வேறு வழியில் சென்றது. பயனர் வரையறுத்த சார்புகளும் மாறிகளின் மதிப்புகளும் ஒரே பணிவெளியாகச் சேமிக்கப்பட்டன. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 1970களில் வளர்ந்த ஸ்மால்டாக்கும் நினைவகம் முழுவதையும் ஒரே பிம்பமாகச் சேமித்தது.

ஒலிநாடாக் காலம்

வீட்டுக் கணினிகள் பரவியபோது மலிவான சேமிப்பு ஊடகமாக ஒலிநாடா அமைந்தது. 1977இல் வந்த கமடோர் பெட் கணினியில் கோப்பைத் திறப்பது, எழுதுவது, மூடுவது என்ற மூன்று படிகளையும் மாணவர் தாமே எழுத வேண்டியிருந்தது. தரவு முதலில் 192 பைட் இடையகத்தில் சேர்ந்து, அது நிரம்பிய பின்பே நாடாவுக்குச் சென்றது. மூடும் கட்டளையை மறந்தால் கடைசிப் பகுதி நாடாவை எட்டாது. கோப்பை மூடியே தீர வேண்டும் என்ற பாடத்தின் காரணம் இங்கே கண்கூடாகத் தெரிந்தது.

1981இல் வெளியான சிங்க்ளேர் இசட்எக்ஸ்81, நிரலோடு மாறிகளையும் நாடாவில் சேமித்தது. ஆனால் ‘ரன்’ கட்டளை மாறிகளைத் துடைத்துவிடும். பழைய மதிப்புகள் வேண்டுமென்றால் ‘கோடூ’ கொடுத்து நிரலைத் தொடங்க வேண்டும்.

நிலைப்பு என்னும் ஆய்வுத்துறை

ஸ்காட்லாந்தில் மால்கம் அட்கின்சனும் அவருடைய குழுவினரும் 1980களின் தொடக்கத்தில் பிஎஸ்-ஆல்கால் மொழியை உருவாக்கினர். எந்த வகைத் தரவும் எவ்வளவு காலமும் நிலைக்கலாம், அதற்கெனத் தனி நிரல்வரிகள் தேவையில்லை என்பது அவர்கள் கொள்கை. நிரல்வரிகளில் கணிசமான பங்கு, தரவைக் கோப்புக்கும் நினைவகத்துக்கும் இடையே மாற்றுவதிலேயே செலவாகிறது என்பதை அவர்கள் சுட்டினர். கொள்கை செல்வாக்குப் பெற்றாலும் வகுப்பறையில் கோப்பு வழியே நிலைத்தது. 1983இல் வந்த டர்போ பாஸ்கல் ஒரு பதிவை முழுமையாக ஒரே கட்டளையில் எழுத இடம் தந்தது. இந்தியப் பள்ளிகளில் நெடுங்காலம் சி++ மொழியின் கோப்புப் பாடமே நிலைத்த சேமிப்புக்கு வாயிலாக இருந்தது.

பைத்தானும் கட்டை நிரலாக்கமும்

பைத்தானின் செந்தர நூலகத்தில், காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்புகளுக்கான சிஎஸ்வி 2003இலும், சிறு தரவுத்தளமான எஸ்க்யூலைட் 2006இலும், பெயர்-மதிப்பு இணைகளை உரையாக எழுதும் ஜேசான் 2008இலும் சேர்ந்தன. ‘வித்’ கூற்று கோப்பை மூடும் பொறுப்பை மொழியிடமே விட்டது. பெரும்பாலான பொருள்களை அப்படியே சேமிக்கும் ‘பிக்கிள்’ தொகுதி எளிது. ஆனால் நம்பகமற்ற இடத்திலிருந்து வந்த பிக்கிள் கோப்பைத் திறந்தால் அதில் ஒளிந்திருக்கும் கட்டளைகள் இயங்கக்கூடும் என்று பைத்தான் ஆவணமே எச்சரிக்கிறது. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் சிஎஸ்வியும் எஸ்க்யூலைட்டும் பைத்தான் வழியாகக் கற்பிக்கப்படுகின்றன.

2010இல் கூகுள் வெளியிட்டு, பின்னர் எம்ஐடியிடம் சென்ற, கட்டைகளை இணைத்துச் செயலி உருவாக்கும் ஆப் இன்வென்டரில் ‘டைனிடிபி’ என்னும் உறுப்பு உண்டு. ஒரு பெயரும் ஒரு மதிப்பும் கொடுத்தால் போதும். செயலியை மூடித் திறந்தாலும் மதிப்பு இருக்கும். மற்றொரு கட்டை மொழியான ஸ்கிராட்ச், மதிப்பை இணையச் சேவையகத்தில் வைக்கும் மேகமாறிகளை 2013இல் கொண்டுவந்தது. அவற்றில் எண்களை மட்டுமே வைக்க முடியும்.

மின்னணுப் பயிற்சிகளில் பயன்படும் ஆர்டுயினோ யூனோ ஆர்3 பலகையில் மின்சாரம் போனாலும் அழியாத 1,024 பைட் நினைவகம் உள்ளது. அதன் ஒவ்வோர் இடத்திலும் ஏறத்தாழ 1,00,000 முறையே எழுதலாம். முடிவில்லாச் சுழலுக்குள் எழுதும் கட்டளையை வைத்தால் சில நிமிடங்களிலேயே அந்த வரம்பு எட்டப்படும்.

கற்பித்தலில் எழும் சிக்கல்கள்

தொடக்கநிலையினர் செய்யும் பிழைகள் பெரும்பாலும் நான்கு வகை. எழுதும் முறையில் திறந்தவுடனே பழைய உள்ளடக்கம் அழிந்துபோவது முதலாவது. கோப்பிலிருந்து வரும் எண் எழுத்துச்சரமாகவே இருப்பதால், 10உம் 5உம் கூடி 15 ஆகாமல் 105 ஆவது இரண்டாவது. முதல் ஓட்டத்தில் கோப்பே இல்லாமல் நிரல் நின்றுபோவது மூன்றாவது. நிரல் வேறொரு கோப்புறையிலிருந்து இயங்கும்போது கோப்பைக் காணாமல் திணறுவது நான்காவது.

ஒரே எண்ணை உரைக்கோப்பில் எழுதி மீட்பது, பிறகு பட்டியலை வரிவரியாக எழுதுவது, அடுத்து சிஎஸ்வி அல்லது ஜேசான், இறுதியில் தரவுத்தளம் என்ற வரிசையில் கற்பிப்பது மாணவருக்கு எளிது. சேமிப்பைத் தானே செய்துகொள்ளும் கருவிகள் விரைவாகப் பயன் தருகின்றன. கோப்பைத் திறந்து, எழுதி, மூடிப் பழகியவரோ அந்தக் கருவிகள் தவறும்போது காரணத்தைக் கண்டறிகிறார். ஆகவே தொடக்கநிலைப் பாடத்தில் இரண்டுக்கும் இடம் இருக்க வேண்டும்.