மலை மக்களின் வம்சாவளியும் நம் வீட்டு நஸபும்



வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூருக்குச் சென்றிருப்பவர்களுக்கு ஜவ்வாது மலை புதிதன்று. விண்மீன்களை ஆராயும் 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 முதல் அங்கே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அதைக் காட்ட அழைத்துச் செல்கிறோம். அதே மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் மூதாதையரைப் பற்றி வைத்திருக்கும் கணக்கை நாம் கேட்பதில்லை. இன்று அதிலிருந்தே தொடங்குவோம்.

இவர்கள் கேரளத்தார் அல்லர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது. இவர்களின் பூர்வ கதையை ஆங்கில அரசின் வட ஆற்காடு மாவட்டக் கையேடு எழுதி வைத்தது. பின்னர் 1909-இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பிலும் அது இடம்பெற்றது. சக ஆண்டு 1055, அதாவது ஏறத்தாழக் கி.பி. 1132. கங்குந்தியைச் சேர்ந்த வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். ஏளனத்தோடு மறுக்கப்படவே, ஏழு கன்னிப் பெண்களைக் கடத்திச் சென்றார்கள். மீட்கப் புறப்பட்ட ஏழு ஆடவர்கள் தங்களோடு ஏழு நாய்களையும் அழைத்துச் சென்றனர். நாய்கள் மட்டும் தனியே திரும்பி வந்தால், தாங்கள் மாண்டதாகக் கருதி ஈமச் சடங்கை முடித்துவிடும்படி மனைவியரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆடவர்கள் அரும்பாடுபட்டுக் கரையேற, நாய்கள் பாதியில் திரும்பிக் காஞ்சி சேர்ந்தன. வேடரை வென்று ஊர் திரும்பிய எழுவரும் கண்டது, தங்களுக்கு ஈமக்கடன் முடிந்து, மனைவியர் விதவைக்கோலம் பூண்டிருந்ததைத்தான். உயிரோடு நின்றவர்களை ஊர் ஏற்கவில்லை. அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலையேறி உழவைத் தொழிலாகக் கொண்டார்கள். அவர்களின் சந்ததியே தாங்கள் என்பது இம்மக்களின் மரபு.

கதையின் ஆண்டும் எண்ணும் எவ்வளவு சரி என்று வரலாற்றாசிரியர்கள் ஆராயட்டும். நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. தவறான ஒரு சாட்சியம், அதுவும் நாய்கள் கொண்டுவந்த சாட்சியம், ஏழு குடும்பங்களின் உறவை அறுத்துவிட்டது! (காணாமற்போன கணவனின் மனைவி நான்காண்டுகள் காத்திருந்து, அதன்பின் இத்தா இருக்க வேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்ததை முவத்தா நூலில் காண்கிறோம். சரியான செய்தி வருவதற்கு மனிதருக்கு அவகாசம் அளிக்கும் சட்டத்தின் அருமை, இக்கதையைப் படிக்கும்போது நன்கு விளங்குகிறது.)

இப்படிப்பட்ட வாய்மொழி மரபுகள் பொழுதுபோக்குக் கதைகள் என்று எண்ணிவிடாதீர்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் 2008-இல் வெளியான விதிகளைப் பாருங்கள். காட்டு நிலத்தில் ஒருவர் தம் உரிமையை நிலைநாட்டக் காட்டக்கூடிய சான்றுகளுள், பழைய அரசுப் பதிவுகளில் பெயருள்ள ஒருவர் வரை முன்னோரைத் தொடர்ந்து காட்டும் வம்சாவளியும் ஒன்று. முதியோரின் சொல்லை எழுதி வாங்கிய வாக்குமூலமும், முன்னோர் அடக்கம் செய்யப்பட்ட இடமும் அவ்வாறே சான்றுகளாக ஏற்கப்படுகின்றன. பாட்டனின் பெயரைத் தெரிந்து வைத்திருப்பவனுக்கு நிலம் நிலைக்கலாம். மறந்தவனுக்கு அது கடினம்.

கண்ணியமிக்க சகோதரர்களே! இஸ்லாம் நஸபு என்னும் வம்சாவளிக் கல்வியை எந்த இடத்தில் வைத்தது? உறவுகளைச் சேர்ந்து வாழ்வதற்கு உதவும் அளவு உங்கள் வம்சத்தைக் கற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதைத் திர்மிதி பதிவு செய்துள்ளது. குறைஷிகளுக்குக் கவிதையால் பதிலளிக்க முன்வந்த ஹஸ்ஸான் (ரலி) அவர்களை அவசரப்பட வேண்டாமென்று தடுத்து, குறைஷிகளின் வம்சத்தை நன்கறிந்த அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்களிடம் சென்று தெளிவு பெறுமாறு நபியவர்கள் அனுப்பிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. வளர்ப்பு மகனை அவனுடைய சொந்தத் தந்தையின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்ற கட்டளை, ஸைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்களின் பெயரையே மாற்றியது (காண்க: அல்குர்ஆன் 33:5). அன்பு காட்டலாம், வளர்க்கலாம், ஆனால் பதிவில் பொய் கூடாது.

இதைவிட விரிவாகச் சொல்ல வேண்டியது உமர் (ரலி) அவர்களின் தீவான். ஹிஜ்ரி 15-ஆம் ஆண்டு என்பர் சிலர். 20 என்பர் வேறு சிலர். பைத்துல்மாலுக்குச் செல்வம் குவிந்தபோது ஒவ்வொருவருக்கும் உரிய ஆண்டுக்கொடையை வழங்கப் பெயர்ப்பட்டியல் தேவைப்பட்டது. வம்சாவளி அறிந்த மூவரை, அகீல் பின் அபீதாலிப், மக்ரமா பின் நவ்ஃபல், ஜுபைர் பின் முத்இம் (ரலி) ஆகியோரைக் கலீஃபா நியமித்தார்கள். அவர்கள் முதலில் பனூ ஹாஷிமையும், அடுத்து அபூபக்கர் (ரலி) அவர்களின் குலத்தையும், மூன்றாவதாக உமர் (ரலி) அவர்களின் குலத்தையும் எழுதிக் கொண்டுவந்தார்கள். ஆட்சிப் பொறுப்பின் வரிசை அது. கலீஃபா அதை ஏற்கவில்லை. நபியவர்களுக்கு யார் நெருங்கிய உறவோ அவர் முதலில், அதன்படி அடுத்தடுத்தவர். உமரை அல்லாஹ் வைத்த இடத்தில் வையுங்கள் என்ற கருத்தில் திருத்தச் சொன்னார்கள். தம் குலத்தார் வந்து முறையிட்டும் இணங்கவில்லை. வம்சாவளிப் பட்டியலைத் தம் கையில் வைத்திருந்த ஆட்சியாளர், அதே பட்டியலில் தம் வீட்டாரைக் கீழே இறக்கினார்! யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்கான கணக்கு அது. யார் உயர்ந்தவர் என்பதற்கானதன்று. செயலால் பின்தங்கியவனை வம்சம் முன்னே கொண்டுபோகாது என்பதும் முஸ்லிமில் பதிவான நபிமொழியின் கருத்தே.

இந்த இரண்டுக்கும் உள்ள வேற்றுமை தெரியாமல், "நாங்கள் இன்ன நாட்டிலிருந்து வந்த பரம்பரை" என்று திருமணப் பேச்சில் மட்டும் வம்சாவளியை எடுப்பவர்கள் நம்மிடையே உண்டு. பாட்டனாரின் தங்கை பிள்ளைகள் எந்த ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள் என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது.

வெளிநாடுகளில் இக்கல்வி பொதுமக்களுக்கான பயிற்சியாகவே நடைபெறுகிறது. மால்கம் எக்ஸ் அவர்களின் தன்வரலாற்றை எழுத உதவிய அலெக்ஸ் ஹேலி, ஆப்பிரிக்காவின் காம்பியாவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட குன்டா கின்டே என்ற முஸ்லிம் இளைஞனைத் தம் முன்னோராகக் கொண்டு 'ரூட்ஸ்' நூலை 1976-இல் வெளியிட்டார். மறு ஆண்டு அது தொலைக்காட்சித் தொடராக வந்தது. அதன்பின் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்திலும், 1969 முதல் இயங்கிய அதன் வட்டாரக் கிளைகளிலும் தம் முன்னோரைத் தேடி வருவோர் பெருகினர். மக்கள்தொகைக் கணக்கேட்டை எப்படிப் படிப்பது, கப்பல் பயணியர் பட்டியலில் பெயரை எப்படித் தேடுவது என்று சாதாரணக் குடும்பத்தாருக்கு அங்கே சொல்லித் தரப்படுகிறது. ஹேலியின் நூலுக்கு ஆதாரமான காம்பியக் கதைசொல்லியின் வாய்மொழியைப் பின்வந்த ஆய்வாளர்கள் ஐயுற்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாய்மொழியையும் ஏட்டையும் ஒன்றோடொன்று உரசிப் பார்க்கும் வழக்கம், ஹதீஸ் அறிவிப்பாளர்களை ஆராய்ந்த சமுதாயத்திற்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

நம் பகுதிக்கு வருவோம். ஜவ்வாது மலையடிவாரத்து ஊர்களில் பாட்டனாரைத் தேடுபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மாவட்டம் மாறிய கதை. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பினியிடம் சென்றது. அலெக்சாண்டர் ரீட் திருப்பத்தூரில் அமர்ந்து நிலங்களை அளந்தார். பிறகு திருப்பத்தூர் வட்டம் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1911-இல்தான் வட ஆற்காட்டோடு சேர்ந்தது. 1989-இல் வட ஆற்காடு இரண்டானது. 2019-இல் திருப்பத்தூர் தனி மாவட்டமாயிற்று. ஆகவே, வாணியம்பாடியில் 1880-இல் வாழ்ந்த ஒருவரின் நிலத்தைத் தேடினால் சேலம் மாவட்ட ஏடுகளைக் கேட்க வேண்டும். பக்கத்து ஊரான ஆம்பூர்க்காரரைத் தேடினால் வட ஆற்காட்டு ஏடுகளை. இது தெரியாமல் அலைந்து, "ஒன்றுமே இல்லையாம்" என்று திரும்புவோர் பலர். மலைவாழ் மக்களுக்கும் இதே சிக்கல்தான். பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயரோடு பழைய மாவட்டப் பெயரான வட ஆற்காடுதான் எழுதப்பட்டிருக்கிறது.

அந்தப் பழைய ஏடுகளுள் பெரும்பகுதி சென்னை எழும்பூரில், 1909-இல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடத்தில் இயங்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. விண்ணப்பித்து அனுமதி பெற்றுப் பார்க்கலாம். நம்மவர் குறிப்பாகக் கேட்க வேண்டியவை இனாம் பதிவேடுகள். 1858-இல் அமைந்த இனாம் கமிஷன், பள்ளிவாசல் பராமரிப்புக்கும் காஜி பணிக்கும் விடப்பட்டவை உள்ளிட்ட மானிய நிலங்களை விசாரித்தது. யார் கொடுத்தது, முதலில் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் அவருக்கு என்ன உறவு என்றெல்லாம் கட்டம் கட்டமாகப் பதிந்தது. ஒரு நிலத்தின் வரலாறு தேடிப் போனவருக்கு ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை கையில் கிடைத்துவிடும்.

இதன் தேவையை 2025 நமக்கு நன்றாகவே உணர்த்தியது. வக்ஃப் திருத்தச் சட்டம் ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஜூன் 6-இல் தொடங்கிய 'உம்மீத்' இணையத் தளத்தில் வக்ஃப் சொத்துகளின் விவரங்களை ஆறு மாதத்திற்குள் ஏற்ற வேண்டுமென்று கெடு விதிக்கப்பட்டது. நூறாண்டுகளாக மையவாடியாக இருக்கும் இடத்துக்குக் காகிதம் எங்கே என்ற கேள்வி முத்தவல்லிகளின் முன் வந்து நின்றது. வக்ஃப் செய்த புண்ணியவானின் பெயரைக்கூட அறியாத ஜமாஅத்துகள் எத்தனை! சட்டத்தைப் பற்றி நமக்கு மனக்குறை இருப்பது வேறு. நம் பெட்டியில் காகிதம் இல்லாதது வேறு.

எனவே ஒரு யோசனை. ஜூன் 9 உலக ஆவணக் காப்பக நாளாக அனுசரிக்கப்படுகிறது. அந்த நாளிலோ, வசதியான வேறொரு விடுமுறை நாளிலோ, உங்கள் மஹல்லாவில் ஒரு பயிற்சி அமர்வை நடத்துங்கள். மதரஸா கூடமே போதும். வரலாறு படித்த கல்லூரி ஆசிரியர் ஒருவரையும், ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலர் ஒருவரையும் அழையுங்கள். பழைய பத்திரங்களில் வரும் கிஸ்தி, ஜாரி, பசலி போன்ற சொற்கள் அவருக்குத்தான் தெரியும். பசலி ஆண்டோடு 590-ஐக் கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு கிடைக்கும் என்ற ஒரு குறிப்பே பல தாள்களைத் திறந்துவிடும். உர்தூ, பார்ஸி எழுத்தில் உள்ள தாள்களைப் படிக்க வயதான ஆலிம் ஒருவர் வேண்டும். அவர்கள் இருக்கும்போதே படிக்க வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசலின் நிகாஹ் தஃப்தர்களை எடுத்து வெயில் படாமல் விரித்து, பக்கம் பக்கமாகப் படமெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். மணமகன், மணமகள், இருவரின் தந்தையர், வலீ, சாட்சிகள், மஹர் என்று ஒரே பக்கத்தில் இத்தனை பெயரும் விவரமும் வேறெந்த ஏட்டிலும் கிடைப்பது அரிது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் வரைந்து வைத்திருக்கும் வம்சாவளித் தாள்கள் பலவற்றில் ஆண்களின் பெயர்கள் மட்டுமே கிளை விடுகின்றன. மகள் பெயர் இல்லை. இருந்தால் "ஒரு பெண்" என்று எழுதியிருக்கும். பெற்றோர் விட்டுச் சென்றதில் ஆணுக்கும் பங்கு உண்டு, பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று விதித்த மார்க்கத்தில் (காண்க: அல்குர்ஆன் 4:7) இப்படியொரு தாள் எப்படி உருவானது? தாளில் பெயர் இல்லாத அத்தைக்குச் சொத்திலும் பங்கு போகாமல் நின்றிருப்பதைப் பாகப்பிரிவினை வழக்குகளைக் கண்டவர்கள் அறிவார்கள். நஸபின் பெயரால் உறவை அறுக்கும் தாள் அது.

ஆகையால் முதல் அமர்வுக்கு வீட்டுப் பெரிய பெண்மணிகளையும் அவசியம் அழைத்து வாருங்கள். நன்னிமார்களும் பாட்டிமார்களும் எழுதத் தெரியாதவர்களாக இருக்கலாம். யாருக்கு யார் பால்குடி உறவு, எந்த வருடத்துக் காலராவில் எந்தப் பிள்ளை இறந்தது, யார் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார் என்பதெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஒருவர் கேட்க, ஒருவர் எழுத, அவர்கள் சொன்ன நாளையும் குறித்து, கீழே கைநாட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "உங்கள் உம்மாவின் உம்மா எந்த ஊர்?" என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலான குடும்பத் தாள்களில் காலியாக இருக்கும் கட்டம் அது.